நெடுந்தீவுக்குச் சென்ற சிறு கணினி

பல்லாண்டு எழுத்துகளைத் தாங்கிய பெரிய மடிக்கணினியைக் கடலுப்புக்கு இரையாக்க மனம் ஒப்பவில்லை. ஆதலால் அதனை வீட்டில் வைத்துவிட்டு, 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆசுஸ் ஈ பிசி என்னும் 7 அங்குலத் திரைக் குறுங்கணினியுடன் குறிகட்டுவான் துறையிற் படகேறினோம். அதன் நிறை ஒரு கிலோவுக்கும் குறைவு. உள்ளே சுழலும் வட்டு இல்லாமையால் குலுக்கலுக்கும் அஞ்சாது.

நெடுந்தீவில் முருகைக்கல் மதிலோரம் அமர்ந்து, கட்டாக்காலிக் குதிரைகளைப் பற்றி முதியவர் ஒருவர் கூறியவற்றைப் பதிந்தோம். சின்னஞ்சிறு விசைகளில் விரல்கள் தடுமாறின. "ஆறுதலாக எழுதுங்கோ தம்பி" என்றார் அவர். கதை முடியுமுன் மின்கலம் ஓய்ந்தது. எஞ்சியதைப் பென்சிலால் எழுதி முடித்தோம்.

வீடு திரும்பியதும் யாவற்றையும் பெரிய கணினியிற் சேர்த்தோம். பெரியது களஞ்சியம், சிறியது கடகம். தோட்டத்துக்குக் களஞ்சியத்தைச் சுமந்து செல்வாரும் உண்டோ?