தாத்தா வாங்கச் சொன்ன டர்ன்டேபிள்

எம்.எஸ். அம்மா குரலை ஆம்பிளைக் குரலா மாத்தின பெருமை எனக்கு உண்டு. போன வருஷம் செமஸ்டர் லீவுல, கும்பகோணத்துல எங்க வீட்டு முற்றத்துல நடந்த சம்பவம் அது.

தாத்தாவுக்கு 79 வயசு. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். மார்கழி பஜனைக்கு ஹார்மோனியம் வாசிப்பார். அவர்கிட்ட ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டு இருக்கு. அவர் பாஷையில் 'பிளேட்டு'. 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டுகள் நாற்பதுக்குப் பக்கம், எல்பி அதைவிடக் கொஞ்சம் அதிகம். நான் நாலாங்கிளாஸ் படிக்கும்போது பழைய பிளேயர் நின்னு போச்சு. அப்புறம் அந்தப் பெட்டி மேல குழம்புப்பொடி டப்பா உக்காந்துடுச்சு.

நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை பையன், அங்கே பழசா வாங்கின ஒரு பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளை லீவுக்கு வரும்போது தூக்கிட்டு வந்தான். வீட்டில் நான்தான் டிரிபிள்ஈ. வேற யார்கிட்ட குடுப்பாங்க? 110 வோல்ட் மெஷின்னு பார்த்ததும் பெரிய மேதாவி மாதிரி ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். தாத்தா பெட்டியிலிருந்து எம்.எஸ்.ஸின் 1966 ஐ.நா. கச்சேரி எல்பியை எடுத்துத் தந்தார். முள்ளை வச்சேன்.

ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார். "ஆயி, அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கா?" என்றார். எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியலை. அவர் ஹார்மோனியத்தை இழுத்துப் போட்டு ஸட்ஜமத்தைப் பிடிச்சுப் பார்த்தார். "கறுப்பு வெள்ளை எல்லாம் சேத்து மூணு ரீடு இறங்கியிருக்கு. மூணுக்கும் ஒரு பொடி கீழ."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாத்தும், ஃப்ரீக்வென்ஸியை மாத்துமா? உள்ளே இருந்தது ஏசி சிங்க்ரனஸ் மோட்டார். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. 24 போல் மோட்டார் அங்கே 300 ஆர்பிஎம்ல ஓடும், இங்கே 250. 33⅓ல சுத்த வேண்டிய தட்டு 27.8ல சுத்துது. ஆறுக்கு அஞ்சு என்ற விகிதத்தை அரைஸ்வரக் கணக்குக்கு மாத்தினா 3.16 வருது. மூணு ரீடும் ஒரு பொடியும்! நாலாவது செமஸ்டர் மெஷின்ஸ் பேப்பரில் நான் வாங்கின கிரேடைப் பத்தி இங்கே பேச வேண்டாம்.

சரி, மோட்டார் வேகத்தை மாத்த முடியாது, புல்லியை மாத்தலாம். விட்டத்தை 1.2 மடங்கு ஆக்கினா போதும் (பெல்ட்டின் தடிமனையும் கணக்கில் சேர்க்கணும், அதை நான் மறந்தது தனிக்கதை). லீவு முடிஞ்சு நம்ம ஒர்க்‌ஷாப் லேத்துல பித்தளையில் ஒரு புல்லி கடைஞ்சேன். வெளிப்பக்கத்தைக் கடைஞ்சு முடிச்சு, கழட்டித் திருப்பி மாட்டி, அப்புறம் நடுத்துளையைப் போட்டேன். மெக் பசங்க இந்த இடத்தில் சிரிச்சுக்கலாம். ஒரே செட்டிங்ல பண்ணியிருக்கணும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. துளை மையத்தை விட்டு 0.05 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது. அதனால என்னன்னுதானே தோணுது? 11 மில்லிமீட்டர் ஆரத்தில் அது கிட்டத்தட்ட அரை சதவீதம். புல்லி ஒரு சுத்து சுத்தும்போது தட்டின் வேகம் அரை சதவீதம் ஏறி, அரை சதவீதம் இறங்கும். 250 ஆர்பிஎம்னா நொடிக்கு நாலு சுத்து. நம்ம காது சுருதி ஆட்டத்தை ரொம்ப சுலபமா கண்டுபிடிக்கிறதும் சரியா அந்த நாலு ஹெர்ட்ஸ் பக்கத்துலதான்.

தாத்தா இந்தத் தடவை ஹார்மோனியத்தைத் தொடவே இல்லை. "சுருதி சேந்துடுச்சு. ஆனா அவங்க போடாத கமகத்தை எல்லாம் யாரோ போடறாங்களே" என்றார்.

அந்த மெஷின் பரணுக்குப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு தாத்தா என்னைக் கூப்பிட்டு, ஃபிக்ஸட் டெபாசிட் ஒண்ணு முதிர்ந்திருக்குன்னும், நல்லதா ஒரே ஒரு டர்ன்டேபிள் வாங்கணும்னும் சொன்னார். "நான் இருக்கற வரைக்கும் எனக்கு. அப்புறம் நீ இருக்கற வரைக்கும் உனக்கு. அதுக்கு ஏத்த மாதிரி பாரு."

அம்மா விடலை. மாடியில் ஒழுகுது, இவ ஃபீஸ் கட்டணும், லட்ச ரூபாய்க்குப் பாட்டுப் பெட்டியான்னு அடுக்களையிலிருந்தே கேட்டாங்க. தாத்தா சத்தம் போடாம சொன்னார்: "இது என் காரியத்துக்குன்னு எடுத்து வச்ச பணம். காது இருக்கறப்பவே செலவு பண்றேன்." அதுக்கப்புறம் யாரும் பேசலை. அப்பா மட்டும் எழுந்து வாசல் திண்ணைக்குப் போயிட்டார்.

அதனால அடுத்த மூணு வாரம் நான் படிச்சதெல்லாம் விளையாட்டா படிக்கலை. முதல் காதல் ஸ்காட்லாந்தின் லின் சோன்டெக் எல்பி12. 1970களின் தொடக்கத்துல வந்த டிசைன், இன்னும் செய்யறாங்க. அன்னைக்கு வாங்கின பெட்டிக்குள்ளயே இன்னைக்குப் புது பேரிங், புது மோட்டார், புது ஆர்ம்னு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போகலாம். ஓட்டை மாத்தி, சுவரைப் பூசி, தளம் போட்டும் 'பாட்டன் கட்டின வீடு'ன்னு சொல்றோமே, அந்த மாதிரி. வாழ்நாளுக்குன்னா இதுதான்னு முடிவே பண்ணிட்டேன். ஆனா அதோட தட்டும் ஆர்மும் மூணு ஸ்பிரிங் மேல நிக்குது. அதைச் சமநிலைக்குக் கொண்டுவர பழகின கை வேணும். கும்பகோணத்துல அந்தக் கைக்கு எங்கே போறது? நானே கத்துக்கலாம்தான். என் கையோட யோக்கியதை புல்லியில தெரிஞ்சு போச்சே. விலையும் லட்சங்கள்ல இருந்தது.

அடுத்து இங்கிலாந்தின் ரேகா பிளானர் 3. எளிமை, குறைஞ்ச எடை, ஸ்பிரிங் கிடையாது. அதுலயும் பெல்ட் உண்டு. ரப்பர் நாளாக நாளாக நெகிழும், சில வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும். பெரிய விஷயம் இல்லை, ஆனா தாத்தாவுக்கு பெல்ட்டுன்னாலே இப்போ முகம் சுளிக்குது.

மூணாவது ஜப்பானின் டெக்னிக்ஸ். அவங்க எஸ்எல்-1200 வந்தது 1972ல. டைரக்ட் டிரைவ், அதாவது பெல்ட்டே கிடையாது. சுத்துற தட்டே மோட்டாரோட பாகம். 1979ல வந்த எம்கே2வில் குவார்ட்ஸ் படிகத்தை வச்சு வேகத்தைப் பூட்டினாங்க. கரண்ட் 50 ஹெர்ட்ஸா 60ஆன்னு அது கவலைப்படாது. வேக ஆட்டம் 0.025 சதவீதம். என் புல்லியோட அரை சதவீதத்தை இதுகூட ஒப்பிடறது முழுசா நியாயம் இல்லை, அளக்கிற முறை வேற. ஆனாலும் தூரம் புரியுதுல்ல? அந்தக் கம்பெனியே 2010ல இதைச் செய்யறதை நிறுத்திட்டு 2016ல திரும்பி வந்தது. வாழ்நாள் உத்தரவாதம்னு யாராவது சொன்னா, யாரோட வாழ்நாள்னு கேக்கத் தோணுது.

இதுக்கு நடுவுல, ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, ஹெட்போன் மாட்டி தாத்தாவோட காதைச் சோதிச்சேன். எனக்கு 16 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்டது. அவருக்கு 5 தாண்டினதும் "நிறுத்திட்டியா?"ன்னு கேட்டார். நான் நிறுத்தலை. ஒலி ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. "ஆமா தாத்தா"ன்னு சொல்லிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜ், வைர ஊசியின் நுண்ணிய வடிவம்னு நான் சேர்த்து வச்ச லிஸ்ட்ல பாதி, அவர் காது ஏற்கெனவே விட்டுட்ட உச்ச ஒலிகளுக்கானது. ஆனா மூணு ரீடு இறங்கினதைக் கண்டுபிடிச்சதும் அதே காதுதான், அரை சதவீத ஆட்டத்தைக் கமகம்னு சொன்னதும் அதுதான். 16 கிலோஹெர்ட்ஸ் கேக்கற நான் ரெண்டையும் கோட்டை விட்டேன். காசை வேகத்துல போடணும், மோட்டார்லயும் பேரிங்லயும். ஊசியை நான் சம்பாதிக்கும்போது மாத்திக்கலாம், அது எப்படியும் தேயற சாமான்.

கடைசி முடிவைத் தீர்மானிச்சது ஸ்பெக் ஷீட் இல்லை, சாய்வு நாற்காலி. தாத்தா பாட்டுக் கேட்டா தூங்கிடுவார். விலை கூடின டர்ன்டேபிள்கள்ல பெரும்பாலும் ஆர்மைத் தானா தூக்கற வசதி இருக்காது. நாமதான் எழுந்து தூக்கணும். மத்தியானம் நாலு மணி நேரம் அவர் தூங்கினா ஊசி கடைசிப் பள்ளத்துல 8,000 சுத்து சும்மா சுத்தும். சில நூறு மணி நேரம்தான் உழைக்கிற ஊசி அது. இன்னொண்ணு, ராஜரத்தினம் பிள்ளையோட தோடி. தாத்தாவோட பெட்டியில முதல்ல இருக்கற அரக்குத் தட்டு. அதுக்கு 78 வேகம் வேணும்.

இந்த ரெண்டும் இருந்தது டெக்னிக்ஸ் எஸ்எல்-1500சியில். 2019ல வந்த மாடல். அதே டைரக்ட் டிரைவ் வழி, 33⅓, 45, 78 மூணு வேகம், பாட்டு முடிஞ்சதும் ஆர்ம் தானா எழும்பும், ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளயே இருக்கு. ஹெட்ஷெல்லைக் கழட்டி மாட்டலாம். 78க்குத் தடிமனான ஊசி தனியா வேணும், அதை இன்னொரு ஹெட்ஷெல்ல வச்சுக்கலாம். உண்மையைச் சொன்னா, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஹாஸ்டல்ல 'எங்க வீட்ல எல்பி12'ன்னு சொல்ற சுகமே வேற.

பெட்டி வந்த அன்னைக்கு ஆர்மின் எடையை 1.8 கிராமுக்கு நான் சரிபண்ணேன், தாத்தா மூக்குக்கண்ணாடியோட பக்கத்துலயே நின்னார். அதே ஐ.நா. எல்பி. ஹார்மோனியத்தை எடுத்து வச்சுக்கிட்டார். ஸட்ஜமத்தைப் பிடிச்சார். ஒண்ணும் சொல்லலை, துருத்தியை மூடிட்டு நாற்காலியில சாஞ்சுக்கிட்டார். அம்மா அடுக்களையில மிக்ஸியை நிறுத்தினது எனக்குக் கேட்டது.

பக்கம் முடிஞ்சது. ஆர்ம் மெதுவா எழும்பி நின்னது. தட்டு மட்டும் சத்தமில்லாம சுத்திக்கிட்டே இருந்தது. அவர் வாய் லேசா திறந்திருந்தது, தூங்கிட்டார்னு நினைச்சு நிறுத்தப் போனேன்.

"அடுத்த பக்கத்தைப் போடு ஆயி" என்றார், கண்ணைத் திறக்காமலே.