காஸில் ராக் தாண்டினால் குகை

ஹூப்ளியில் இறங்கி கோவா வண்டிக்கு மாறியபோதே அப்புவின் கழுத்தில் அந்த அட்டை தொங்கியது. ரயில், குகை, அருவி, ஆட்டோ, கடல், ஓட்டல் என்று வரிசையாக ஆறு படங்கள். முடிந்த படத்தைப் பிய்த்துக் கீழே இருக்கும் சின்னப் பையில் போட வேண்டும். வெல்க்ரோ வாங்கி நானே செய்தது. சாவிவளையத்தில் தனியாக ஒரு சிவப்பு அட்டை. அதில், 'போதும்'.

அப்புவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு என்று பார்த்தால் ஏழெட்டுச் சொற்கள்தான்.

காஸில் ராக் ஸ்டேஷனில் வண்டி நின்றது. மலையிறக்கத்துக்கு முன்னால் பிரேக் சோதிப்பார்களாம். அங்கிருந்து குலேம் வரை காடும் குகையுமாகப் பாதை இறங்குகிறது. முதல் குகை வந்ததும் அப்பு காதைப் பொத்திக்கொண்டான். வெளிச்சம் வந்தது. குகைப் படத்தைப் பிய்த்துப் பையில் போட்டான். சரியாகச் செய்துவிட்டானே என்று நான் மகிழ்வதற்குள், அதையே வெளியே எடுத்து மறுபடி ஒட்டினான்.

"முடிஞ்சதைப் போய் திரும்ப ஒட்டறானே?" என்றார் அத்தை. நான் கையை நீட்டித் திருத்தப் போனேன். அதற்குள் அடுத்த குகை. இந்த முறை காதைப் பொத்தவில்லை. அப்போதுதான் உறைத்தது. அவன் தப்பு செய்யவில்லை, 'இன்னொண்ணு' என்று கேட்கிறான்.

தூத்சாகர் அருவி 310 மீட்டர் உயரம். பாலத்தில் வண்டி ஏறியதும் பெட்டியே எங்கள் ஜன்னலில் சாய்ந்தது. அப்பு அருவியைப் பார்க்கவே இல்லை. குகைப் படத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

மட்காவிலிருந்து கோல்வா கடற்கரைக்கு ஆட்டோவில் போகும்போது, எனக்கு கோவாவோடு இருக்கும் இன்னொரு கணக்கை அவரிடம் சொன்னேன். இங்கிலாந்தில் உருவான ஒரு ஆட்டிசப் பயிற்சியை கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2016-ல் வந்தது. அங்கே நிபுணர்கள் செய்ததை இங்கே பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து செய்தார்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அம்மாவோடு உட்கார்ந்து திரும்பப் பார்ப்பார்கள். பிள்ளை எங்கே எதைக் காட்டியது, அம்மா எங்கே அவசரப்பட்டாள் என்று பேசுவார்கள். ஆறு மாதத்தில் 12 முறை. பிள்ளைகள் தாங்களாகவே தொடர்புகொள்ளத் தொடங்குவது கூடியது. ஆனால் இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் குறைந்ததாம். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

நம் ஊர் வீடுகளுக்கு இது ஒத்துவருமா என்று முதலிலேயே யோசித்து மாற்றியிருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. அம்மாவிடம் பிடித்ததா என்று கேட்டுவிடலாம். பேசாத பிள்ளையிடம்?

சென்னையில் அப்பு இரண்டு வருடம் போன ஒரு சென்டரில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும்தான். "என்னைப் பார்" என்பார்கள். பார்த்தால் பிஸ்கெட். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாந்தி எடுப்பான். "பழகிடும்மா" என்றார்கள். கண்ணைப் பார்ப்பது எண்ணிக்கையில் ஏறிக்கொண்டேதான் இருந்தது, நோட்டில் நானே பார்த்தேன். மான்ட்ரோஸ் உல்ஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1978-லேயே எழுதியது பிறகுதான் கண்ணில் பட்டது. ஒரு பயிற்சியின் குறிக்கோள், வழிமுறை, பலன் மூன்றையும் அதைப் பெறுகிறவர்கள் ஏற்கிறார்களா என்று கேளுங்கள் என்கிறார். அப்பு தினமும் வாசலிலேயே பதில் சொல்லியிருக்கிறான். நான் வாளியும் துடைப்பமுமாக நின்றிருக்கிறேன்.

கோல்வாவில் மணல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அலை கணுக்காலைத் தொட்டதும் அப்பு சிலிர்த்துச் சிரித்தான். இரண்டாவது அலைக்கும் சிரித்தான். மூன்றாவது முழங்காலுக்கு வந்தது. சாவிவளையத்தைத் தேடி, சிவப்பு அட்டையை அப்பாவின் கையில் திணித்தான்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு... இன்னும் ரெண்டு அலை நின்னா பழகிடுவான்" என்றார் அவர். சொன்னதும் அவருக்கே அந்த வார்த்தை கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். அப்புவைத் தூக்கிக்கொண்டு காய்ந்த மணலுக்கு நடந்தார்.

நாங்கள் கோவாவில் கடலில் நின்றது மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும். அத்தைக்கு அது இன்னும் ஆறாத குறை.

ஊர் திரும்பியதும் புது டீச்சர் ஒருவரிடம் போனோம். முதல் நாளே அந்தச் சிவப்பு அட்டையை மேசையில் வைத்தேன். "வேலை செய்யாம இருக்க இதையே காட்டிட்டே இருப்பானேம்மா?" என்றார். நியாயமான கேள்விதான். "காட்டினா என்ன பண்ணலாம்னு சேர்ந்து பார்க்கலாமா?" என்றேன். சரி என்றார், அரை மனதாக.

பதினோராவது நிமிடம் காட்டினான். டீச்சர் பெட்டியை மூடினார். அப்பு கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே போய்ப் பெட்டியின் மூடியைத் திறந்தான்.