சாக்லேட் காட்டுக்குள் நம்ம ஊர் பலா!

பலா எங்கே காய்க்கும்? கிளை நுனியில் இல்லை, அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். அப்படியே காய்க்கிற இன்னொரு மரம் கோகோ. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவே ஊடுபயிராக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு மரங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற ஒரு காடு பிரேசிலில் இருக்கிறது. பாஹியா மாநிலத்தின் தெற்கே, இல்யேயுஸ் என்ற துறைமுக ஊரைச் சுற்றி.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அங்கே நேரில் போகவில்லை. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவருக்கு பிரேசில் டிக்கெட் எல்லாம் யார் போட்டுத் தருவார்கள்? போனில் சாட்டிலைட் மேப்பைத் திறந்து, இல்யேயுஸிலிருந்து உள்நாட்டுப் பக்கம் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். பச்சை, பச்சை, ஒரே பச்சை. இதில் எது காடு, எது தோட்டம் என்று பிடிபடவே இல்லை. எனக்கு மட்டுமில்லை, சாட்டிலைட் படங்களை ஆராய்வதே தொழிலாக இருப்பவர்களுக்கும் இந்த ஊர் ஒரு தலைவலிதான்.

காரணம், இங்கே தோட்டமே காட்டுக்குள்தான் இருக்கிறது. கோகோ கன்று 1746-ல் அமேசான் பக்கமிருந்து இங்கு வந்தது. நிழல் கேட்கிற மரம் அது. அதனால் விவசாயிகள் காட்டை மொத்தமாக அழிக்கவில்லை. கீழே இருந்த புதரை வெட்டி, பெரிய மரங்களில் சிலவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மிச்ச நிழலில் கோகோவை நட்டார்கள். இந்த முறைக்குப் பெயர் கப்ரூகா.

அது எப்பேர்ப்பட்ட காடு தெரியுமா? அட்லாண்டிக் மழைக்காடு. 1990-களில் இந்தப் பகுதியில் ஒரே ஒரு ஹெக்டேரில், அதாவது நம் கணக்கில் இரண்டரை ஏக்கரில், 450-க்கும் மேற்பட்ட மர வகைகளை எண்ணினார்கள். ஒரு காலத்தில் பிரேசில் கடற்கரை நெடுக இருந்த அந்தக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தெற்கு பாஹியாவில் கொஞ்சம் அதிகமாகத் தப்பியதற்குக் காரணம் இந்த கோகோ நிழல்.

அந்த நிழலுக்கும் ஆபத்து வந்தது. 1957-ல் அரசு தொடங்கிய செப்லாக் என்ற கோகோ நிறுவனம், விளைச்சலைக் கூட்ட வேண்டும் என்று காட்டு மரங்களை எடுத்துவிட்டு எரித்ரினா மரங்களை நடச் சொன்னது. நம் கல்யாண முருங்கைக்குச் சொந்தக்கார மரம் அது. எல்லோரும் கேட்கவில்லை, நல்லவேளை.

பிறகு 1989. உருசூக்கா என்ற ஊரின் தோட்டம் ஒன்றில், கோகோ கிளைகள் துடைப்பக்கட்டை மாதிரி கொத்துக் கொத்தாகத் துளிர்த்துக் காய்ந்தன. 'சூனியக்காரியின் துடைப்பம்' என்று பெயர் பெற்ற பூஞ்சை நோய். யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து கட்டிவிட்டார்கள் என்ற சந்தேகம் அந்த ஊர்ப் பேச்சில் இன்னும் ஓயவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் விளைச்சல் ஏறக்குறைய கால்வாசிக்கு வந்தது. தோட்டக் கூலிகள் லட்சக்கணக்கில் வேலையை இழந்தார்கள். கடனில் மூழ்கிய முதலாளிகள் நிழல் மரங்களை வெட்டி விற்றார்கள். சிலர் நிலத்தை மாட்டு மேய்ச்சலுக்கு மாற்றினார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. கைவிடப்பட்ட பெரும்பண்ணைகள் சில, நிலமில்லாத கூலிக் குடும்பங்களின் கைக்கு வந்தன. இபிராபிடாங்கா என்ற ஊரில் உள்ள தோயிஸ் ரியாஷோயிஸ் குடியிருப்பு அப்படி ஒன்று. பெயருக்கு 'இரண்டு ஓடைகள்' என்று அர்த்தம். ஏறக்குறைய 40 குடும்பங்கள் ரசாயன உரமில்லாமல், கப்ரூகா நிழலில் கோகோ வளர்க்கிறார்கள். கொட்டையை மட்டும் விற்காமல் சாக்லேட்டும் செய்கிறார்கள். பழத்தை உடைத்து, வெள்ளைச் சதையோடு மரப்பெட்டியில் ஒரு வாரம் போலப் புளிக்கவிட்டு, பிறகு வெயிலில் காய வைப்பது அந்தப் பகுதி வழக்கம். காய வைக்கும் மேடைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடுகிற கூரை இருக்கும். மழை வந்தால் கூரையைத் தள்ளி மூடிவிடுவார்கள். வடகம் காய வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் நம் பாட்டிகளுக்கு இதைக் காட்ட வேண்டும்!

சரி, காடு பிழைத்துவிட்டதா? அதுதான் இல்லை. கப்ரூகாவில் தாத்தா மரங்கள் இருக்கின்றன, பேரன் மரங்கள் இல்லை. கோகோவுக்குக் களை எடுக்கும்போது காட்டு மரக் கன்றுகளும் சேர்ந்து போய்விடுகின்றன. இதில் சட்டமும் ஒரு காரணம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். காட்டு மரம் வளர்ந்துவிட்டால் வெட்ட முடியாது, வழக்கு வரும். அந்தப் பயத்திலேயே கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு. காப்பாற்றப் போட்ட சட்டத்தாலேயே கன்றுக்கு ஆபத்து. 2014-ல் மாநில அரசு இதைச் சரிசெய்யப் பார்த்தது. ஹெக்டேருக்குக் குறைந்தது 20 காட்டு மரங்கள் நின்றால்தான் அது கப்ரூகா என்று வரையறுத்து, விதிமுறையோடு பராமரிக்க வழி கொடுத்தது.

வயதான மரம் விழுந்த இடத்தில் என்ன முளைக்கிறது? பலா! போர்த்துக்கீசியர் காலத்தில் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிய மரம். அங்கே அதன் பெயர் ஜாக்கா, மலையாளத்துச் சக்கையேதான். பழம் தரும், வெட்டினால் கேட்க ஆளில்லை. அதனால் விவசாயிக்கு அதன்மேல் பிரியம். ஆனால் பலாவே பெருகிப்போனால் 450 வகைக் காடு திரும்புமா? அதனால்தான் தோட்டத்துக்குள் உள்ளூர் மரங்களை மறுபடி நடும் வேலை நடக்கிறது. நாட்டுக்கே பெயர் கொடுத்த பிரேசில் மரம், வானைத் தொடுகிற ஜெக்கிட்டிபா என்று நாற்றங்காலில் வளர்த்து நடுகிறார்கள். களையெடுப்பில் தப்பிய கன்று என்றால் அரிவாள் படாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை.

கையைக் கட்டிப் போடுவது விலை. 2024 டிசம்பரில் ஒரு டன் கோகோ 12,000 டாலரைத் தாண்டியது, பிறகு மளமளவென்று சரிந்தது. விலை ஏறும்போது 'நிழலைக் குறைத்தால் காய் கூடுமே' என்று கை துறுதுறுக்கும். பாஹியாவின் மேற்கே சமவெளியில், சொட்டுநீர் போட்டு, நிழலே இல்லாமல் கோகோ வளர்க்கும் பெரிய பண்ணைகள் வேறு வந்துவிட்டன. அதோடு போட்டி போடுகிற சின்னக் குடும்பம் எத்தனை வருடம் ஒரு ஜெக்கிட்டிபாவுக்காகக் காத்திருக்கும்?

காத்திருக்கிற இன்னொருவரும் உண்டு. தங்கத் தலைச் சிங்கவால் குரங்கு மாதிரி ஒரு பெயர் வைத்துக் கூப்பிடத் தோன்றும் ஒரு குட்டிக் குரங்கு. எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, முகத்தைச் சுற்றிப் பொன்னிறப் பிடரி. உலகத்திலேயே காட்டில் அது வாழ்வது இந்தப் பக்கம் மட்டும்தான். ராத்திரி தூங்க வயதான மரத்தின் பொந்து வேண்டும் அதற்கு. இன்று நட்ட கன்றில் பொந்து விழ இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கு? ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்ததில், கப்ரூகாவில் அது விரும்பிச் சாப்பிடும் பழங்களில் ஒன்று நம்ம பலா.