காரணத்தைத் தேடுவது அவிசுவாசமா?

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 20:1-7, யோவான் 9:1-7



கடந்த ஓர் ஆண்டாக உங்களில் பலர் ஆராதனை முடிந்து கை குலுக்கும்போது, "ஐயா, உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டதே" என்று விசாரித்தீர்கள். அக்கறையோடு கேட்டவர்கள் உண்டு. வேடிக்கையாகக் கேட்டவர்களும் உண்டு. இருசாராருக்கும் சேர்த்து இவ்வாரத் தியானத்தில் பதில் எழுதுகிறேன். இதே நிலையில் இருந்துகொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் பிறருடைய பேச்சைச் சுமக்கிற சகோதர சகோதரிகள் நம் சபைகளில் அநேகர் இருக்கிறார்கள் என்பதை இப்போது நான் அறிவேன். அவர்களுக்காகவே முக்கியமாக எழுதுகிறேன்.

பதினான்கு மாதங்களில் என் எடை 71 கிலோவிலிருந்து 82 கிலோவாயிற்று. என் உணவு மாறவில்லை. காலையில் இட்லி, நண்பகலில் ஒரு வேளைச் சோறு, இரவில் கோதுமை. இதுவே பல ஆண்டுகளாக என் வழக்கம். திருமயம் பக்கத்துக் கிராமங்களில் வீடு சந்திப்புக்குப் போகும்போது தரப்படும் தேநீரைக்கூடச் சர்க்கரையில்லாமல் கேட்டு வாங்கத் தொடங்கினேன். லெந்து காலத்தில் நாற்பது நாளும் காலை உணவைத் தவிர்த்து உபவாசித்தேன். உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு மறுநாள் எடை பார்த்தபோது இரண்டு கிலோ கூடியிருந்தது. அங்கியைத் தையற்காரர் அந்த ஆண்டில் இரண்டு முறை பிரித்துத் தைத்தார்.

எடை மட்டுமே என்றால் அதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். குரல் கரகரத்தது, பாடலின் உயர்ந்த இடங்களில் தொண்டை மறுத்தது. சித்திரை வெயிலில் புதுக்கோட்டையே வேகும்போது எனக்கு மாத்திரம் மின்விசிறிக் காற்று குளிர்ந்தது. எட்டு மணி நேரம் உறங்கியும் களைப்பு நீங்கவில்லை. எல்லாவற்றிலும் அதிகமாய் என்னை வருத்தியது ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகளாக நாவில் நின்ற வசனங்கள் பிரசங்கத்தின் நடுவே வர மறுத்தன. ஊழியக்காரனுக்குக் குரலும் நினைவும் கலப்பையும் காளையும் போன்றவை. அவை இரண்டும் தளர்ந்தால் எதைக்கொண்டு உழுவது?

ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியைச் சொல்லி, வாரந்தோறும் கொள்ளு ரசம் வைத்து அனுப்பினார் ஒரு மூதாட்டி. அந்த அன்பை மறவேன். ஒருவர் உடல் இளைக்கும் பொடி ஒன்றைக் கொண்டுவந்தார். வேறொருவர் செய்வினை என்றார். இன்னொருவர் மறைவான பாவம் ஏதேனும் உண்டா என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். நெடுநாள் விசுவாசி ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஆசாரியனாகிய ஏலியும் கனத்த சரீரமுள்ளவர்தானே ஐயா" என்றார். சாமுவேல் புத்தகத்தை அறிந்தவர்களுக்கு அதன் கூர்மை விளங்கும். ஏலியின் வீட்டார் காணிக்கைகளால் தங்களைக் கொழுக்கப்பண்ணினார்கள் என்பது அங்கே கர்த்தர் சுமத்தும் குற்றச்சாட்டு. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. மூன்றும் சரியாயிருப்பதாகச் சொல்லி, உணவைக் குறைத்து நடக்கச் சொன்னார். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததையே மேலும் மூன்று மாதம் செய்தேன். எடை கூடிக்கொண்டே போயிற்று. பின்பு வேறொரு மருத்துவரிடம் போனேன். அந்த அம்மையார் எடை இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் என் பேச்சைக் கேட்டார். என்னென்ன மாத்திரை, பொடி, லேகியம் உட்கொள்கிறேன் என்று விசாரித்தார். உறக்கத்தில் குறட்டையும் மூச்சுத்திணறலும் உண்டா என்று என் மனைவியைக் கேட்டார். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்த்தார். வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் உண்டா என்று நோக்கினார். கடைசியாகக் குதிகாலின் மேல் நரம்பைச் சிறு சுத்தியால் தட்டினார். பாதம் அசைந்து, மிக மெதுவாகத் தன் நிலைக்குத் திரும்பியது. "தைராய்டு பார்த்துவிடுவோம்" என்றார்.

அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருந்தது என்பதைப் பிறகு அவரே விளக்கினார். உண்ணாமலே எடை கூடுகிறது என்று ஒருவர் சொன்னால் அதன் பின்னே பல வழிகள் இருக்கக்கூடும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், சில வலிப்பு மருந்துகள் எடையைக் கூட்டும். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயரில்லாமல் விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அட்ரீனல் சுரப்பி கார்டிசாலை மிகுதியாய்ச் சுரந்தால் முகம் வட்டமாகி, வயிறு பருத்து, கைகால் மெலியும். இருதயமோ சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுபட்டால் நீர் கோத்து எடை ஏறும். பெண்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிகளோடு வரும் ஹார்மோன் கோளாறு உண்டு. உறக்கக் குறைவும் மனச்சோர்வும்கூட எடையைக் கூட்டும்.

என் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு 46 என்று வந்தது. ஏறத்தாழ நான்கைந்துக்குள் இருக்கவேண்டியது. தைராய்டு சுரப்பி சோர்ந்துபோனால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைத் தட்டியெழுப்ப அனுப்பும் ஹார்மோன் இது. வேலை நடக்கவில்லை என்றால் குரல் உயரும். ஆகவே எண்ணும் உயரும். உடலின் காவற்படையே தன் சுரப்பியை அந்நியன் என்று எண்ணித் தாக்குவதே என் நோய். 1912-இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் இதை முதலில் விவரித்தார். பாவமும் இல்லை, செய்வினையும் இல்லை, பிரியாணியும் இல்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ பதினொருவருக்குத் தைராய்டு குறைபாடு காணப்பட்டது. பெண்களிடம் இது இன்னும் அதிகம்.

இந்த நோயின் வரலாற்றை வாசித்தபோது என் உள்ளம் ஸ்தோத்திரத்தால் நிறைந்தது. 1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், முகம் வீங்கி, பேச்சு மந்தப்பட்டு, உடல் பருத்துவந்த பெண்களைக் குறித்து எழுதினார். அந்நாளில் அதற்கு மருந்தில்லை. 1891-இல் ஜார்ஜ் மர்ரே செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுள்ள ஒரு பெண்ணுக்குச் செலுத்தினார். அவர் நலமடைந்து 1919 வரை வாழ்ந்தார். அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் அந்தச் சுரப்பியின் சாரமாகிய தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தது 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 25. உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அந்நாளில் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் உழைத்திருக்கிறார். இன்று விடியற்காலையில் நான் விழுங்கும் சிறு மாத்திரையில் அவர் உழைப்பின் பலன் இருக்கிறது.

நம் மண்ணிலும் இப்படிப்பட்ட தேடல் உண்டு. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை அந்நோயோடு போராடச் செய்தது. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழும்பியது. தலைவிதி என்று அவர் அழுது முடித்திருந்தால், ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அந்த வாசல் திறந்திராது.

பிரியமானவர்களே, இப்போது வேதத்துக்கு வருவோம். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டுச் சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பி அழுதான். கர்த்தர் விண்ணப்பத்தைக் கேட்டு, பதினைந்து ஆண்டுகளைக் கூட்டித் தருவதாக வாக்களித்தார். நான் இதுவரை வேகமாய்க் கடந்துபோன ஒரு வசனம் அதற்கடுத்து வருகிறது. அத்திப்பழ அடையைக் கொண்டுவரும்படி ஏசாயா சொல்ல, அதைக் கட்டியின்மேல் வைத்தார்கள், ராஜா பிழைத்தான். வாக்குத்தத்தம் கிடைத்த பின்பும் பற்று போடப்பட்டது. மருந்தை நாடியதால் எசேக்கியாவின் விசுவாசம் குறைந்ததாக வேதம் எங்கும் சொல்லவில்லை.

யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் சீஷர்கள், பிறவிக் குருடனைக் கண்டதும் யார் செய்த பாவம் என்று கேட்கிறார்கள். ஆண்டவர் அவனுடைய பாவத்தையும் அவன் பெற்றோருடைய பாவத்தையும் காரணமாக ஏற்கவில்லை. சேறுண்டாக்கி அவன் கண்களில் பூசி, போய்க் கழுவச் சொன்னார். காரணம் தேடுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, பழி சுமத்த ஆள் தேடுவது. யோபுவின் நண்பர்கள் செய்தது அதுவே. மற்றொன்று, குணமாக்க வழி தேடுவது. குதிகாலைத் தட்டிப் பார்த்த அந்த மருத்துவர் செய்தது இரண்டாவது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஐந்து மாத சிகிச்சைக்குப் பின் என் டி.எஸ்.எச். சீரானது. குரல் திரும்பிற்று, வசனங்களும் பெரும்பாலும் திரும்பின. எடையோ நான்கு கிலோ மட்டுமே குறைந்தது. தைராய்டு குறைவால் மாத்திரம் கூடுவது பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோ வரையே என்றும், அதிலும் பெரும்பங்கு உடலில் தங்கும் உப்பும் நீருமே என்றும் மருத்துவர் சொன்னார். மீதி ஏழு கிலோவில் வயதுக்கு ஒரு பங்கு, களைப்பால் குறைந்த நடமாட்டத்துக்கு ஒரு பங்கு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவராலும் இயலவில்லை. முழு விடையை எதிர்பார்த்த எனக்குப் பாதி விடையே கிடைத்தது. அந்தப் பாதிக்காக நன்றி சொல்லவும், மீதியோடு பொறுமையாக நடக்கவும் கற்றுவருகிறேன். பவுலின் முள்ளும் நீக்கப்படவில்லை. கிருபை மட்டும் போதுமானதாய் அளிக்கப்பட்டது.

ஆகவே அன்பின் ஆலோசனையாகச் சிலவற்றைச் சொல்லுகிறேன். காரணமின்றி எடை கூடினால், களைப்பும் குளிரும் மலச்சிக்கலும் சேர்ந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள். முதல் விடை பொருந்தாவிட்டால் மீண்டும் கேளுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் எடுத்து, காபிக்கு முன் அரை மணி நேரமாவது காத்திருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். ஜெபித்தோம், சுகமானோம் என்று நீங்களாகவே நிறுத்திவிடாதிருங்கள். உடல் இளைப்பதற்காக மட்டும் அதை விழுங்கவும் வேண்டாம். அது இருதயத்தைத் தாக்கக்கூடும். பெயரில்லாப் பொடிகளை வாங்காதிருங்கள்.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். ஆலய வாசலில் ஒருவரைக் கண்டால் அவருடைய உடலை அளக்காமல் அவருடைய நலத்தைக் கேளுங்கள். குழந்தை பெற்ற தாயும், மாத்திரைகளால் பருத்த வாலிபனும், திருமணத்துக்குக் காத்திருக்கும் மகளும் அந்த ஒரு சொல்லை வாரமெல்லாம் சுமந்து திரிகிறார்கள். கர்த்தர் முகத்தைப் பார்க்காமல் இருதயத்தைப் பார்க்கிறவர் என்பதை ஈசாயின் வீட்டில் சாமுவேலே கற்கவேண்டியிருந்தது. நாமும் கற்போமாக.

ஜெபம்: எங்களை உருவாக்கின பிதாவே, எங்கள் சரீரத்தின் மறைவான இடங்களை நீர் அறிந்திருக்கிறீர். காரணம் தெரியாமல் தவிக்கிறவர்களுக்குப் பொறுமையையும், அவர்களை விசாரிக்கும் மருத்துவர்களுக்குக் கூர்மையான ஞானத்தையும், எங்கள் நாவுகளுக்கு இரக்கத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.