மூணாவது நாள் வந்திரணும்

காலை நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சமையலை முடித்து, ஒன்பதரைக்குள் தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் போய் உட்காருகிறவள் நான். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் என் நாள். என்னைச் சோம்பேறி என்று யாரும் சொன்னதில்லை. அப்படியிருந்தும், வில்லாபுரத்தில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற அந்த ஜிம்மின் படியேற எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. கூச்சம். வேறொன்றும் இல்லை.

ஜிம்மில் சேர்ந்து சில நாளிலேயே நின்றுவிடுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மனஉறுதி இல்லை, வைராக்கியம் போதாது என்பார்கள். நான் கண்டது வேறு. புதிதாகப் போகிறவர்களை, அதிலும் பெண்களை, பாதியில் நிறுத்துவது நாலு பேர் பார்க்கிறார்களே என்கிற எண்ணம். எவ்வளவு ஊக்கப் பேச்சு கேட்டாலும் அது போகாது. நம்மை எதிர்பார்த்து அங்கே ஓர் ஆள் இருந்தால் போகும். என் விஷயத்தில் அப்படித்தான் போனது.

நாற்பத்தேழு வயதில் ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில் நின்றேன். "நடங்கம்மா" என்றார் டாக்டர். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கிற நாளில், மைய மண்டபத்தின் மேல் வெயில் விழுவதற்கு முன்னால் அந்தக் கரையில் நடப்பதற்கு ஈடாக மதுரையில் வேறு இடமில்லை என்பேன். மனசு லேசானது. ஆனால் மாடிப்படியில் முழங்கால் பிடிப்பது மட்டும் விடவில்லை. தொடையில் வலு இல்லை, எடை தூக்கிப் பழகுங்கள் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்னார்.

அம்மா ஞாபகம் வந்தது. கடைசி இரண்டு வருடம் அம்மாவுக்குப் பெரிய நோய் ஒன்றும் கிடையாது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, அவ்வளவுதான். கழிப்பறைக்குப் போக இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். எங்களிடம் கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே அம்மா குறைத்துக்கொண்டது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதும் தசைதான். வேலை செய்கிற தசை இன்சுலினின் தயவில்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், வாரம் 150 நிமிடம் நடை போன்ற மிதமான பயிற்சியோடு நிறுத்தாமல் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் வாசித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பிறகும் படியேறவில்லை.

அந்த ஜிம்மில் பெண்களுக்கான நேரம் பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை. வேலைக்குப் போகிறவளுக்கு அது எப்படி ஆகும்? காலை ஐந்தரைக்குப் பையன்களோடுதான் போக வேண்டும். என் மகன் வயதுப் பிள்ளைகள். மூன்று பக்கமும் கண்ணாடி. சுடிதார் துப்பட்டாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன். ராடைக் கீழே போடுகிற சத்தத்தில் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு திக்கென்றது.

மாஸ்டர் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். "வாங்கக்கா. முட்டி வலிக்குதுன்னு போன்ல சொன்னது நீங்கதான?" என்றார். மெஷின் எதையும் காட்டவில்லை. ஒரு ஸ்டூலை எடுத்து வந்து அதன்மேல் ரப்பர் விரிப்பை நாலாக மடித்துப் போட்டார். "கைய ஊன்றாம உக்காந்து எந்திரிங்க." எழுந்தேன். "இன்னொருக்கா." அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். அடுத்தடுத்த வாரங்களில் விரிப்பில் ஒவ்வொரு மடிப்பாகக் குறைத்துக்கொண்டே வந்தார். பிறகு ஸ்டூல் போய்த் தாழ்வான பலகை வந்தது. பிறகு நெஞ்சோடு சேர்த்து ஐந்து கிலோ டம்பெல். வெறும் ராடு தோளுக்கு வந்தபோது மழைக்காலமே முடிந்துவிட்டது.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, எடை, எத்தனை தடவை என்று எழுதிவைத்தார். அந்த நோட்டுக்கு நான் பட்ட கடன் பெரிது. முதல் இரண்டு மாதம் எடை பார்க்கிற மெஷினில் ஒரு மாற்றமும் தெரியாது. கண்ணாடியிலும் தெரியாது. உடம்பு வலி மட்டும் தெரியும். அதுவும் அன்றைக்கே வராமல், ஒரு நாள் விட்டு மறுநாள் படியிறங்கும்போது உச்சத்துக்கு வரும். நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆனால் நோட்டைப் பார்த்தால் போன மாதம் ஐந்து கிலோ, இந்த மாதம் எட்டு கிலோ என்று இருக்கும். தசை பருக்காமல் பலம் மட்டும் எப்படிக் கூடும் என்று மாஸ்டரிடம் கேட்டேன். முதல் சில வாரம் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்பின் வேலை என்றார். சித்திரைத் தேரில் வடம் பிடித்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது, ஒரே மூச்சில் இழுத்தால் அசையும் அல்லவா. ஏற்கெனவே இருக்கிற தசைநார்களை மூளை அப்படி ஒரே நேரத்தில் இழுக்கப் பழகுகிறது. தசை பருப்பது அதற்குப் பிறகு மெதுவாக நடக்கிற காரியம். இதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நோட்டு இல்லாதவருக்குத் தான் முன்னேறியதே தெரியாமல் போய்விடும்.

அந்தக் காலை நேரத்தில் வருகிற பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். பாதிப் பேர் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். அவனியாபுரம் பக்கத்திலிருந்து வருகிற சிலர் மாடுபிடி வீரர்கள். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் ஒரு நாள் தவறமாட்டார்கள். யாரும் அவர்களை ஊக்கப்படுத்த வேண்டியதில்லை. காலண்டரில் தேதி இருக்கிறது, வாடிவாசலில் ஊரே பார்க்கப்போகிறது. முன்பு கிராமத்தில் இளவட்டக்கல் தூக்கியவனுக்கும் அப்படித்தான், பொங்கல் இருந்தது, பார்க்க ஊர் இருந்தது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள்.

எனக்குத் தேதி எது? சர்க்கரை வராமல் இருப்பதற்கும், எழுபது வயதில் தரையிலிருந்து தானாக எழுந்திருப்பதற்கும் யாரும் நாள் குறித்துத் தரமாட்டார்கள். பார்க்க ஊரும் வராது. என்னைப் போன்ற சாதாரண ஆள் தொடங்கிய உற்சாகத்தில் தொடர முடியாமல் போவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தேதி இல்லாத குறையை எனக்கு மாஸ்டர் தீர்த்தார். அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று. "ரெண்டு நாள் வராம இருங்க, கேக்க மாட்டேன். மூணாவது நாள் வந்திரணும். ஒண்ணும் செய்ய வேணாம்க்கா, சும்மா வந்து நின்னுட்டாவது போங்க." வரவில்லையென்றால் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் வரும்: "அக்கா, இன்னைக்கு மூணாவது நாள்." திட்டவும் மாட்டார், காரணமும் கேட்கமாட்டார். சும்மா நின்றுவிட்டுப் போகலாம் என்று போன நாளில் ஒருநாள்கூடச் சும்மா நின்றுவிட்டுத் திரும்பியதில்லை.

சித்திரைத் திருவிழா வந்தது. மீனாட்சி கல்யாணம், தேர், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று இந்த ஊர் தூங்காத நாட்கள் அவை. வீடு நிறைய விருந்தாளிகள். மாஸ்டரே அழகரோடு போய்விட்டார். ஜிம்மைப் பூட்டிச் சாவியை மருந்துக்கடையில் கொடுத்திருந்தார். எல்லாம் முடிந்தபோது, இத்தனை நாள் விட்டாயிற்று, இனி என்ன என்ற எண்ணம் மெல்ல வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த எண்ணம் பொல்லாதது. உடம்பு அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. மனசுதான் கணக்கை முடித்துவிடப் பார்க்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதுப் பழக்கம் ஒன்று யோசிக்காமல் தானாக நடக்கிற அளவுக்கு ஊறுவதற்கு நடுவாக 66 நாள் ஆகிறது. ஆளைப் பொறுத்து 18 நாளும் ஆகலாம், 254 நாளும் ஆகலாம். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் குலைவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. மாஸ்டர் அந்த ஆய்வைப் படித்தவரல்ல. ஆட்களைப் பார்த்தே அறிந்திருக்கிறார்.

நம்மை எதிர்பார்த்து ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரிலேயே பெரிய சாட்சி உண்டு. சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்த பெண். காலில் ஷூ இல்லாமல் ஓடியவரைப் பார்த்துப் பயிற்சியாளர் கண்ணன் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் கூப்பிட்டார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளையை ஓட அனுப்புவதா என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள் என்பது எந்தப் பாட்டிக்கும் தெரியும். கண்ணன் எடுத்துச் சொல்லிச் சம்மதிக்கவைத்தார், லேடி டோக் கல்லூரியில் இடம் கிடைக்கவும் உதவினார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ரேவதி ஒருவர். அந்தப் பெண்ணின் கால் வேகம் அவருடையது. ஆனால் அந்தக் கால் ஓடுகளத்துக்கு வந்து சேர, ஒரு பயிற்சியாளர் காத்திருக்கவும் ஒரு பாட்டி மனம் மாறவும் வேண்டியிருந்தது. என் காரியம் எத்தனையோ சின்னது, வழி இதுதான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள். 2024இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல் அதைத் தவிர்க்கவே சொல்கிறது. என் எடைக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிராம் புரதம் போதும். முட்டையும் சுண்டலும் தயிரும் மீனும் அதைத் தந்துவிடுகின்றன. இட்லியை ஒன்று குறைத்துச் சாம்பாரைக் கெட்டியாக வைக்கிறேன், அவ்வளவே.

கூச்சம் எப்போது போயிற்று என்று எனக்கு நாள் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பிறகு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர் சேர்ந்தார். இரவுப் பணி முடிந்து நேரே வருவார். அவருக்கு நானும் எனக்கு அவரும் ராடு பிடித்துவிடுகிறோம். அந்தப் பையன்கள் எங்களைப் பார்ப்பதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவரவர் கண்ணாடியில் அவரவரைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதவில்லை.

மதுரையில் ஜிம் நடத்துகிறவர்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்று இருக்கிறது. பெண்களுக்கென்று ஒதுக்குகிற நேரத்தைப் பகல் நடுவில் வைக்காதீர்கள். கடையிலும் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கிற பெண்களால் அந்த நேரத்துக்கு வரவே முடியாது. காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை, இல்லாவிட்டால் ராத்திரி எட்டு மணிக்கு மேல், ஒரு மணி நேரம் கொடுங்கள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற உடை மாற்றும் அறை ஒன்று வேண்டும். முதல் மூன்று மாதம் நோட்டு எழுத ஓர் ஆள் வேண்டும்; பெரிய பயிற்சியாளர் வேண்டாம், பெயர் தெரிந்து வைத்திருக்கிற ஆள் போதும். எங்கள் ஜிம்மில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கேட்டோம். அறைக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது. காலை நேரத்தைப் பற்றி மாஸ்டர் யோசித்துக்கொண்டிருக்கிறார். வாரம் தவறாமல் ஞாபகப்படுத்துகிறோம்.