39 வயதில் ஒரு விண்ணப்பம்

திருப்பருத்திக்குன்றத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. சின்னவர்களுக்கு ‘மிலிட்டரி அண்ணா’, பெரியவர்களுக்கு ‘நம்ம மிலிட்டரி’. 17 வருஷ சர்வீஸ் முடித்து, 2022-ல் ஹவில்தாராக ஊர் திரும்பியவர். எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்றவர் என்றுதான் தெருவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் இருந்தது ராணுவ மருத்துவப் படை. வேலை, நர்சிங் அசிஸ்டென்ட்.

அந்த வேலையைப் பற்றி வெளியில் பெரிதாகத் தெரியாது. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால்தான் ஆளெடுப்பில் அந்தப் பிரிவுக்கே நிற்க முடியும். லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் படை மையத்தில் பயிற்சி. பிறகு ராணுவ மருத்துவமனை வார்டுகள். அதற்கும் பிறகு, எங்கே அனுப்புகிறார்களோ அங்கே. அவரை அனுப்பியது மலைக்கு.

மலைமேல் இருக்கும் காவல் முனைகளில் டாக்டர் இருக்கமாட்டார். கீழே இருக்கிற மருத்துவ முகாமில் இருப்பார். மேலே நர்சிங் அசிஸ்டென்ட் மட்டும்தான். ராத்திரி ஒரு ஜவானுக்கு மூச்சு முட்டினால், அது சாதாரண சளியா, உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் அவர். ஆக்சிஜன் வைத்துவிட்டு, வயர்லெஸ்ஸில் டாக்டரிடம் நாடித்துடிப்பு எவ்வளவு, உதடு நீலமாகியிருக்கிறதா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர் சொல்கிற மருந்தைக் கொடுத்து, விடிந்ததும் ஆளைக் கீழே இறக்க வேண்டும். பனியில் விரல் விறைத்துப்போய் வருகிறவனின் கையைத் தேய்க்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில்தான் வைக்க வேண்டும். இப்படி அவர் கையில் இருப்பதெல்லாம் அனுபவம். காகிதத்தில் இருப்பது, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு வரி.

ஊருக்கு வந்ததும் முதல் மாதத்திலேயே சிக்கல் ஆரம்பித்தது. “மிலிட்டரி, ஒரு ஊசி போட்டு விடேன், காய்ச்சல் விடமாட்டேங்குது” என்று வீட்டு வாசலுக்கே வந்தார்கள். அவர் போடவில்லை. ராணுவத்தில் அவர் ஊசி போட்டது, மேலே ஒரு டாக்டரின் உத்தரவு இருந்ததால். இங்கே அப்படி யாருமில்லை. உத்தரவில்லாமல் மருந்து கொடுத்தால் அவர் போலி டாக்டர், அவ்வளவுதான். இது புரியாமல் சிலர் கோபித்துக்கொண்டார்கள். “பதினேழு வருஷம் அங்கே என்னதான் பண்ணினானோ” என்று ஒரு பெரியம்மா அவர் காதுபடவே சொன்னார்.

வேலை தேடிப் போன இடங்களில் நடந்தது வேறு மாதிரி. ஏ.டி.எம். காவல், அப்பார்ட்மென்ட் காவல், கம்பெனி கேட். முன்னாள் ராணுவத்தினர் என்றாலே கேட்டில் நிறுத்துவதற்குத்தான் ஆள் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்து 15 வருஷம் பணியாற்றிய படைவீரரைப் பட்டதாரிக்குச் சமமாகக் கருதி, மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை வைத்து ஃபைல் பார்க்கலாம், நாடி பார்க்க முடியாது. முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்குகளில் நர்சிங் அசிஸ்டென்ட் வேலை உண்டு, அதுவும் ஒப்பந்தத்தில். அதற்கு ஒருமுறை போய் வந்தார். கிடைக்கவில்லை.

திசை மாறியது பக்கத்து வீட்டுப் பெரியவரால். தறிக்குழியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு சாயங்காலம் நெஞ்சை அடைத்தது. வீட்டிலிருந்தவர்கள் வாயு என்று சொல்லி சோடா வாங்க ஓடினார்கள். இவர் போய்ப் பார்த்தபோது பெரியவரின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, இடது தோள் வரை வலி. 108-க்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு, பெரியவரைச் சாய்த்து உட்காரவைத்தார். வேறெதுவும் செய்யவில்லை. செய்யவும் முடியாது. மகளின் ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: வலி ஆரம்பித்த நேரம், நாடி, மூச்சு, பெரியவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. தாளை ஆம்புலன்ஸில் வந்தவரிடம் கொடுத்தார்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அந்தத் தாளை மருத்துவமனையில் பார்த்த இளம் டாக்டர், “இதை எழுதினது யாருங்க?” என்று கேட்டிருக்கிறார். மறுநாள் பார்க்கப் போனவரிடம் விவரமெல்லாம் விசாரித்துவிட்டு, “நீங்க ஏன் சார் பி.ஏ. படிக்கக் கூடாது?” என்றார். இவர் தமிழ் இலக்கியமா, பொருளாதாரமா என்று குழம்பினார். டாக்டர் சொன்னது பிசிஷியன் அசிஸ்டென்ட்.

டாக்டருக்கு உதவியாளர் என்று மேலோட்டமாகச் சொல்லலாம். ஆனால் ஃபைல் தூக்கும் உதவியாளர் இல்லை. நோயாளியிடம் நோயின் கதையைக் கேட்டு எழுதுவது, உடலைப் பரிசோதிப்பது, டாக்டரோடு வார்டில் ரவுண்ட்ஸ் போவது, அறுவை அரங்கில் கூட நிற்பது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது எல்லாம் இவர்கள் வேலை. இதய பைபாஸ் அறுவையில், காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துக்கொடுக்கும் நுணுக்கமான வேலையைக்கூடப் பயிற்சி பெற்ற பிசிஷியன் அசிஸ்டென்ட்கள் செய்கிறார்கள். எல்லாமே டாக்டரின் மேற்பார்வையில்தான். தனியாக கிளினிக் போட முடியாது. டாக்டராவதற்கு இதைக் குறுக்குவழியாக நினைத்துச் சேர்கிற பிள்ளைகள் நாலாம் வருஷத்தில் அழுவார்கள்.

இந்தத் தொழில் பிறந்ததே இவரைப் போன்றவர்களுக்காகத்தான் என்பது அந்த டாக்டர் சொன்ன பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. 1960-களில் அமெரிக்காவில் டாக்டர்கள் பற்றாக்குறை. இன்னொரு பக்கம், போர்க்களத்தில் காயம் கட்டிப் பழகிய கடற்படை மருத்துவ உதவியாளர்கள் ஊர் திரும்பி, அந்தத் திறமைக்கு ஏற்ற வேலை கிடைக்காமல் இருந்தார்கள். வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தின் டாக்டர் யூஜின் ஸ்டெட் இரண்டையும் முடிச்சுப் போட்டார். 1965-ல் அவர் தொடங்கிய முதல் வகுப்பில் நாலே பேர், நாலு பேருமே முன்னாள் கடற்படை மருத்துவ உதவியாளர்கள். 1967 அக்டோபர் 6-ம் தேதி அவர்களில் மூன்று பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். அது ஸ்டெட்டின் பிறந்தநாளும்கூட. 1969-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ரிச்சர்ட் ஸ்மித், வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்காகவே ‘மெடெக்ஸ்’ என்ற பயிற்சியை ஆரம்பித்தார். இன்றும் அங்கே ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர்கள் விண்ணப்பித்தால், அந்த அனுபவத்தை ஒரு தகுதியாகவே பார்க்கிறார்கள்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் இதய அறுவை நிபுணர் டாக்டர் கே.எம்.செரியன். 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தவர், 2025 ஜனவரியில் காலமானார். சென்னை முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் 1992-ல் அவர் ஆரம்பித்ததுதான் நம் நாட்டின் முதல் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. ஆனால் கப்பல் ஏறி வரும்போது ஒன்று மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இங்கே அது ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கான பி.எஸ்சி. ஆகிவிட்டது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷ இன்டர்ன்ஷிப். ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம். மலைமேல் கழித்த ராத்திரிகளுக்கு அந்தக் கட் ஆஃப் கணக்கில் இடமில்லை.

இத்தனைக்கும் ராணுவமும் மருத்துவப் படிப்பும் சென்னைக்குப் பழைய உறவு. இன்றைய சென்னை மருத்துவக் கல்லூரி 1835-ல் ஒரு சின்னப் பள்ளியாகத் தொடங்கியபோது, அங்கே தயாரானவர்கள் ராணுவத்துக்கான மருத்துவ உதவியாளர்கள். ராணுவத்துக்குப் போவதற்கு வழி 190 வருஷத்துக்கு முன்பே போட்டுவிட்டார்கள். திரும்பி வருவதற்குத்தான் வழி இல்லை.

இரும்புப் பெட்டியிலிருந்து ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை எடுத்தார். 2004-ல் வாங்கியது, மொத்தம் 1,200-க்கு. ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த பிரவுசிங் சென்டர் பையன், “அண்ணா, இப்போ எல்லாம் 600-க்குத்தான்” என்று தலையைச் சொறிந்தான். மார்க்கும் பெருமைப்படும்படி இல்லை. ஆளெடுப்புக்குப் போதுமான மார்க், அவ்வளவே. முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு ஏதாவது உண்டா என்று விசாரித்தார். எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் உண்டு, படைவீரரின் பிள்ளைகளுக்கு. “உங்க பொண்ணுக்கு வேணும்னா பாருங்க சார்” என்றார்கள். பொண்ணு அப்போது பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருந்தாள்.

வயது இன்னொரு சுவர். விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்டன. படிக்க நினைக்கும் மூத்தவர்கள் விளக்கக் குறிப்பேட்டில் முதலில் வயது வரம்பைத்தான் பார்க்க வேண்டும், பணம் கட்டுவதற்கு முன்னால். ஓரிடத்தில் பிறந்த வருஷத்தைப் பார்த்ததுமே, “உங்க பையனுக்கா?” என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இன்னொரு தனியார் கல்லூரியில் வாங்கிக்கொண்டார்கள். கூடவே, ‘இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்’ என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள்.

அந்த ஒரு பக்கத்துக்கு அவருக்கு நாலு நாள் ஆனது. முதலில் எழுதியதைப் படித்து மகள் சிரித்தாள். “அப்பா, இது ரிப்போர்ட். தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்கு. நீங்க எங்கே இருக்கீங்க?” இரண்டாவது தடவை வீரவசனமாகிவிட்டது, அவரே கிழித்துப்போட்டார். கடைசியில் எழுதியது இதைத்தான்: வயர்லெஸ்ஸில் டாக்டர் என்ன கேட்பார் என்று முன்கூட்டியே தெரிந்து பார்த்து வைப்பது தன் பழக்கம். ஏன் அதைக் கேட்கிறார் என்பது இன்னும் தெரியாது. அதைப் படிக்க வேண்டும்.

அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்லப் பயமாக இருந்தது. எழுபது தாண்டியும் தறியை விடாத மனிதர். பருத்தியின் பெயரில் இருக்கும் ஊரில் வாழ்நாள் முழுக்கப் பட்டு நெய்தவர். கேட்டுவிட்டு அவர் சொன்னது, “கோர்வைச் சேலையைத் தனியா உட்கார்ந்து எவன் நெய்வான்?” உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வையில், ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா எறிய இன்னொரு ஆள் கூடவே இருக்க வேண்டும். அந்த ஆள் தப்பினால் கரை தப்பும். சின்ன வயதில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிந்தவர் இவர்தான்.

மனைவி அவ்வளவு சுலபமாக விடவில்லை. அவரிடம் கணக்கு இருந்தது. “என்னங்க, நாலு வருஷம் முடிக்கும்போது உங்களுக்கு 43. பொண்ணு அப்போ காலேஜ்ல இருப்பா. பென்ஷன் ஒண்ணு, ஃபீஸ் ரெண்டு.” நியாயமான கேள்வி. 2021-ல் வந்த தேசிய அலைட் மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தில் இந்தத் தொழிலும் இடம்பெற்றிருக்கிறது, வருங்காலத்தில் முறையான பதிவும் மரியாதையும் வரும் என்று அவர் சொன்னார். “சட்டம் அரிசி வாங்குமா?” என்றார் மனைவி. படிப்பை முடித்தவர்களின் ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் பெரிதில்லை என்பதும் உண்மை. ஓய்வின்போது வந்த தொகையில், மகளின் பெயரில் போட்டிருக்கும் வைப்பைத் தொடுவதில்லை என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார். அதன்படி மாடி கட்டும் யோசனை கைவிடப்பட்டது. கொட்டி வைத்திருந்த ஜல்லியைப் பக்கத்துத் தெருக்காரர் வாங்கிக்கொண்டார்.

நேர்காணலில் மூன்று பேர். ஒருவர் நேராகக் கேட்டார்: “உங்களைவிடப் பதினைந்து வயது குறைவான டாக்டர் ஆர்டர் போடுவார். கேட்பீங்களா?”

“எங்க யூனிட்டுக்கு வந்த மெடிக்கல் ஆபீசர்ல பாதிப் பேர் எம்.பி.பி.எஸ். முடிச்சு நேரா வந்தவங்க சார். சல்யூட் அடிச்சுட்டுத்தான் அவங்களுக்கு மலை ஏறக் கத்துக்கொடுத்தேன்.”

இடம் கிடைத்தது. காலை நாலு மணிக்கு எழுவது பழகிய உடம்பு, அதனால் முதல் ரயில் கஷ்டமாக இல்லை. முதல் நாள் வருகைப் பதிவில் தன் பெயர் வந்ததும் எழுந்து நின்று அவர் சொன்ன “யெஸ் சார்” கேட்டு முன் பெஞ்ச் பெண்கள் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்கள். ‘அங்கிள்’ என்று ஆரம்பித்தவர்களை ‘அண்ணா’வுக்கு இறக்கிக்கொண்டுவர ஒரு வாரம் பிடித்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் பயிற்சியில் பட்டையைச் சுற்றத் தெரியாமல் விழிக்கிறவர்கள் இவரைத் தேடி வருகிறார்கள். பதிலுக்கு அவர்களிடம் இவர் வாங்குவது பயோகெமிஸ்ட்ரி நோட்ஸ். அந்த ஒரு பாடம்தான் பிடிபடமாட்டேன் என்கிறது. கிரெப்ஸ் சுழற்சியை ராத்திரி மகள் சொல்லிக்கொடுக்கிறாள், அவளுடைய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து. திங்கட்கிழமை அதில் முதல் இன்டர்னல் டெஸ்ட்.