இடுப்பருகே ஒரு சிறு பஞ்சு

நமது குடகனாற்றின் மணலைப் பார்த்துப் பழகிய கண்களுக்குக் கயாக் விளையாட்டு விந்தையாகத் தோன்றும். கோழிக்கோடு மாவட்டத்துச் சாலிப்புழையிலும் இருவழிஞ்ஞிப்புழையிலும் மழைக்காலத்தில் அதற்கெனப் போட்டிகளே நடைபெறுகின்றன. பாறை மறைவின் தேங்குநீரிலிருந்து வேகநீருக்குள் நுழையும்போது, நீர் ஓடும் பக்கமாகப் படகைச் சாய்க்க வேண்டும். மறுபக்கம் சாய்ந்தால் வெள்ளம் விளிம்பைப் பற்றிக் கவிழ்த்துவிடும். “சரியாகத்தான் சாய்ந்தேன்” என்று உடல் சாதிக்கும். மெதுவாக ஓடவிட்ட காணொளியோ வேறு சொல்லும். ஆயினும் உடனே தோளைக் குறைகூறாதீர்கள். என்னை வியக்கவைத்தது இதுவே. பாதத்தாங்கி எட்டாமலும் இடுப்போரம் தளர்ந்தும் இருந்தால், ஆள் சாய்ந்தாலும் படகு சாயாது. தேர்ந்தவர்கள் அவ்விடைவெளியில் சிறு பஞ்சைச் செருகிக்கொண்டு, அதே பாறைக்குத் திரும்புகிறார்கள்.